ஒன்பதாவது வரி: பெயர்ப்பலகைக் கடையொன்றின் வேலை பற்றி

எங்கள் வாசிகசாலையின் முன்சுவருக்காக, பழைய திருகோணமலைத் தேர்தல் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் வரிசையைக் காட்டும் பலகையொன்றை நகரிலுள்ள டிஜிட்டல் அச்சுக் கடையொன்றில் அண்மையில் செய்வித்தோம். கடையின் பெயரை எழுதப்போவதில்லை; அங்கே நடந்தது எந்த அச்சுக் கடையிலும் நடக்கக்கூடியதே. பலகை 4 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்டது. தகட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, அலுமினியச் சட்டம் அடித்துத் தந்தார்கள். ஓரங்களில் ஒரு குமிழிகூட இல்லை. கடற்காற்று படும் சுவரில் எழுத்து இன்னும் மங்கவில்லை. கைவேலையைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. மூன்று நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்கு ஒன்பது நாள் சென்றதற்குக் காரணம் எழுத்துவேலைதான்.

நாங்கள் கொடுத்த தாள் எளிமையானது. 1947 முதல் 1977 வரை நடந்த எட்டுப் பொதுத் தேர்தல்களுக்கும் தேர்தலுக்கொரு வரி, அதன் கீழே வெறுமையாக ஒன்பதாவது வரி. முதல் மாதிரிப் பிரதியிலேயே தலைப்பு மாறியிருந்தது. யூனிகோட்டில் கொடுத்ததைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது ‘கோ’வின் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றதைச் சொல்லவில்லை, அதைக் கணினியில் இருந்த தம்பி உடனே திருத்திவிட்டார். ‘தொகுதி’ என்ற சொல்லை அவர் ‘மாவட்டம்’ ஆக்கியிருந்ததுதான் சிக்கல். அவருடைய வயதுக்கு அது இயல்பான பிழை. 1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பு, வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனம் வழங்கும் விகிதாசார முறையைக் கொண்டுவந்து, நாட்டை 22 தேர்தல் மாவட்டங்களாக வகுத்தது. 1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு அப்போதைய பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால், புதிய முறையில் முதலாவது பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. அன்றுமுதல் திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தொகுதிகளும் தனித்தனியே உறுப்பினரைத் தெரிவுசெய்வதை விட்டு, ஒரே மாவட்டத்துக்குள் வாக்கு எண்ணும் பிரிவுகளாகச் சுருங்கின. எங்கள் பலகை அதற்கு முந்திய தொகுதியைப் பற்றியது.

இரண்டாவது பிழை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. 1947 இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் வென்ற எஸ். சிவபாலனின் வரிக்குக் கீழே, 1952, 1956, 1960 மார்ச், 1960 ஜூலை என நான்கு வரிகளிலும் என். ஆர். இராஜவரோதயத்தின் பெயர் வர வேண்டும். தம்பி நான்கையும் ஒன்றாக்கி, கடைசியில் வரும் இரா. சம்பந்தனின் பெயரோடு சேர்த்து, தந்தைக்குப் பின் மகன் என்பதுபோல ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்.

“ஐயா, சம்பந்தன் ஐயாவின்ர தகப்பன்தானே இவர்?”

“இல்லைத் தம்பி. அவருடைய தகப்பனாரும் இராஜவரோதயம்தான். ஆனால் இவர் வேறு ஆள்.”

ஊரில் பெரியவர்களே தடுமாறும் இடம் இது. நான்கு வரிகளையும் தனித்தனியே விடச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. 1949 இல் உருவான தமிழரசுக் கட்சி தன் முதல் பொதுத் தேர்தலான 1952 இல் வென்றது இரண்டே ஆசனங்கள்: கோப்பாயில் கு. வன்னியசிங்கம், திருகோணமலையில் இவர். 1956 ஆகஸ்டில் கட்சி தன் மாநாட்டை இங்கே கூட்டிச் சமஷ்டிக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியபோதும் தொகுதியின் உறுப்பினர் இவர்தான். 1963 இல் இறக்கும்வரை தொகுதி இவரிடமே இருந்தது. இவ்வளவையும் ஒரு வரியில் அடைத்தால் பலகை பார்ப்பவருக்கு என்ன தெரியும்?

1965 இல் எஸ். எம். மாணிக்கராஜா, 1970 இல் பா. நேமிநாதன், இவ்விரு வரிகளிலும் கடை ஒரு புள்ளியும் பிழைவிடவில்லை.

அடிக்குறிப்பாக மூதூரைப் பற்றியும் ஒரு வரி கொடுத்திருந்தோம்: 1970, ஏ. எல். அப்துல் மஜீத், அ. தங்கத்துரை. ஒரே ஆண்டில் ஒரே தொகுதிக்கு இரண்டு பெயர் என்பதைத் தட்டச்சுப் பிழையாக எடுத்து, தம்பி இரண்டாவது பெயரை நீக்கிவிட்டார். 1959 ஆம் ஆண்டு எல்லை நிர்ணயம், இனங்கள் கலந்து வாழும் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்களை வழங்கியது என்பதையும், அவற்றுள் மூதூரும் ஒன்று என்பதையும் விளக்கியபோது, “அந்த முறை இப்பவும் இருந்தால் நல்லது” என்று அவர் சொன்னார். நான் மறுக்கவில்லை.

எட்டாவது வரியில் சம்பந்தனுக்கு நாங்கள் எழுதியது 1977–1983. அச்சில் வந்தது 1977–2024. அவர் 2024 ஜூனில் காலமானபோது மாவட்டத்தின் உறுப்பினராக இருந்ததால் பார்க்கச் சரிபோலத்தான் தோன்றும். ஆனால் 1983 ஆகஸ்டில் வந்த அரசியல் யாப்பின் ஆறாம் திருத்தம், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. சம்பந்தன் உட்பட, தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அதைச் செய்யவில்லை, ஆசனங்களை இழந்தார்கள். 1997 இல், அப்போது மாவட்டத்தின் உறுப்பினராக இருந்த தங்கத்துரை இந்த நகரிலேயே கொல்லப்பட்ட பின், அவருடைய வெற்றிடத்துக்குச் சம்பந்தன் திரும்பி வந்தது மாவட்டத்தின் உறுப்பினராக, தொகுதியின் உறுப்பினராக அல்ல.

அதனால்தான் ஒன்பதாவது வரி ‘1983–1989’ என்ற ஆண்டுகளோடு பெயரில்லாமல் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். மூன்று மாதிரிப் பிரதிகளிலும் கடை அதை எடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் ஒருமுறை தாமரையும் இருமுறை கோணேசர் கோயிற் கோபுரமும் வைத்திருந்தது. நான்காவதில் வரி வந்தது, கோடும் ஆண்டும் மட்டுமாக. ஆகவே இக்கடைக்குப் போகிறவர்கள் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல், மாதிரியைத் தாளில் எடுத்துப் பேனையோடு இருந்து வாசிப்பது நல்லது. கேட்டால் சலிக்காமல் எடுத்துத் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசும் இல்லை.

கணக்குப் பார்க்கும்போது, பெயரில்லாத வரிக்கு ஏதாவது குறைக்கலாமா என்று முதலாளியிடம் விளையாட்டாகக் கேட்டேன். “சதுர அடிக் கணக்கு ஐயா, வெறும் இடத்துக்கும் அதே விலைதான்” என்றார். முழுக் காசையும் கொடுத்துவிட்டு, பலகையை ஆட்டோவில் ஏற்றினோம்.