பண்ருட்டி பி.இ.யா, ஐஐடி ஆன்லைன் பி.எஸ்.ஸா?

கடலூர்ப் பக்கம் ஐ.டி. வேலையை நினைத்து +2 முடித்த பிள்ளைகள் இப்போது கேட்பது இதைத்தான்.

பண்ருட்டி அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி என்றால் கலந்தாய்வு, நான்கு வருடம், லேப், கூட்டாளிகள். கோடிங்கை மட்டும் தனியாகப் பழக வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் இதே கதைதான்.

சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இந்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை. சேருவதற்கு நான்கு வாரப் பாடம், அப்புறம் தகுதித் தேர்வு. வீட்டிலேயே படிக்கலாம், தேர்வை மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் உட்கார்ந்து படி என்று அதட்ட ஆள் கிடையாது. பலர் நழுவுவது அங்கேதான்.

என்னைக் கேட்டால், தானாகப் படிக்கிற பிள்ளைக்கு ஐஐடி. மற்றவர்களுக்குப் பண்ருட்டி பஸ்ஸே சரி. இரண்டையும் சேர்த்தும் படிக்கலாம், தூக்கம்தான் போகும்.