லீக்யாவா, குவாண்டலேசியா?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துப் பழங்குடிகளான சுனி மக்களுக்குக் கல்லில் விலங்குருவம் செதுக்குவது வீட்டோடு வரும் கலை. பிள்ளைகள் பெற்றோர் அருகில் அமர்ந்தே பழகுகிறார்கள். அப்படிப் பெயர்பெற்ற இரு குடும்பங்கள் லீக்யாவும் குவாண்டலேசியும்.

1966இல் மறைந்த லீக்யா டெயூசேயின் வழியில் உருவங்கள் உருண்டு திரண்டிருக்கும். கரடியின் முதுகு ஒரே வளைவாக இறங்கும். கண்ணுக்கு இரு புள்ளி, வாய்க்கு ஒரு கீறல், அவ்வளவுதான். கையில் எடுத்தால் ஆற்றுக் கூழாங்கல்லைப் போல உள்ளங்கையில் பொருந்திவிடும். எத்தனை குறைத்தால் உயிர் நிற்கும் என்பதை அறிந்த கை அது!

எலன் குவாண்டலேசியின் பிள்ளைகளோ நிமிர்வை விரும்பினார்கள். அவர்களில் ஸ்டூவர்ட்டின் மருந்துக் கரடி, அதாவது நோய் தீர்க்கும் ஆற்றல் உடையதாகக் கருதப்படும் கரடி, தலையை உயர்த்தி நிற்கும். மகள் ஃபே செதுக்கியவை சோளக் கன்னிகள், அதாவது சுனி மரபுக் கதைகளில் சோளத்தைத் தரும் பெண்களின் உருவங்கள்.

அழகில் இரண்டும் சளைத்தவை அல்ல. ஆனாலும் ஒன்றுதான் என்றால் நான் லீக்யா கரடியையே எடுப்பேன். போலிகள் உலவுவதால், செதுக்கியவர் யார் என்று கேட்டே வாங்குங்கள்.