அப்பத்தாவுக்கு வாங்கிய சீட் வைத்த வாக்கர்

முழங்கால் தேய்ந்துபோன எங்கள் 88 வயது அப்பத்தாவுக்காக வாங்கியது. நாலு சக்கரம், கைப்பிரேக், நடுவில் உட்கார ஒரு சீட், அடியில் பை. அலுமினியம் என்பதால் கனமில்லை, மடக்கினால் ஆட்டோவில் அடங்கிவிடும். ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது.

இதற்கு முன் சக்கரமில்லாத வாக்கர்தான். பாத்ரூம் போக இப்போதும் அதுதான் பத்திரம். ஆனால் அடிக்கு அடி தூக்கி வைத்து நாலு வீடு தாண்டுவதற்குள் கை அசந்துவிடும், நடுவில் உட்கார இடமிருக்காது. அந்தப் பயத்திலேயே வாசலோடு நின்றுவிட்டார். பக்கத்துத் தெருவில் சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போக முடியாத அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அசதி வந்தால் பிரேக்கைக் கீழே அமுக்கிப் பூட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறார். உட்கார்ந்த இடத்தில் பேச்சு கூடிவிடுகிறது. "அப்பத்தா, இங்கிட்டு நிழலுக்கு வாங்க" என்று பூக்கட்டுகிற அக்கா கூப்பிடுவார். பிள்ளை பெற்ற வீட்டில் மருந்து இடிக்கப் பக்குவம் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் நிச்சயம் பேசும் முன், பெண் மாமன் மகள் முறையா, தங்கச்சி முறையா என்று மூன்று தலைமுறை பின்னால் போய்ச் சொன்னது அப்பத்தாதான். அந்தக் கணக்கு தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவரை ஒரு சீட் இல்லாமல் வீட்டுக்குள் முடக்கி வைத்திருந்தோம்.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வரும் அழகர், மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்து எங்கள் புதூர் வழியாகத் தல்லாகுளம் போகையில், சாமி நின்றுபோகும் மண்டகப்படி ஓரமாக இதில் உட்கார்ந்தே தரிசனம் செய்தார். கூட்டம் சேருமுன் கொண்டுபோய் இடம் பிடித்துவிட வேண்டும். நெரிசலுக்குள் தள்ளிக்கொண்டு போகவே கூடாது.

குறையும் உண்டு. சக்கரம் 6 அங்குலம்தான், பேவர் பிளாக் சந்தில் மாட்டுகிறது. தெருவுக்கென்றால் 8 அங்குலம் பார்த்து வாங்குங்கள். பிரேக் வயர் தளர்ந்தபோது விற்ற கடையில் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் சைக்கிள் கடைக்காரர் இறுக்கிக் கொடுத்தார், காசு வேண்டாமென்றுவிட்டார். பிரேக்குக்காகவே ஐந்தில் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

இது வீல்சேர் அல்ல, ஆளை உட்காரவைத்துத் தள்ளாதீர்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு வரும் உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். வாங்கப் போகும்போது பெரியவரையும் கூட்டிப் போய், கடையிலேயே உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள்.