கால் மெலிய உப்புவெளி மணலா, கோணேசர் கோயில் ஏற்றமா?

திருகோணமலையில் பெரிய அளவில் எடை குறைக்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது: உப்புவெளிக் கடற்கரை மணலில் நடப்பதா, கோணேசர் கோயில் மலைக்கு ஏறி நடப்பதா? முதலில் ஒன்று: தொடைக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. சாப்பாட்டைக் குறைத்தால் அது உடம்பு முழுக்கத்தான் இறங்கும். நடை தருவது தசைக்கு உறுதி.

செலவு: இரண்டுக்கும் இல்லை.

உழைப்பு: இளகிய மணலில் கால் புதைவதால், தார் வீதியை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி போகும், கெண்டைக்கால் நன்றாக இறுகும். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து ஏறினால் தொடையும் பின்புறத் தசையும் வேலை செய்யும். தொடைக்கு வடிவம் வேண்டுமென்றால் என் வாக்கு ஏற்றத்துக்கே.

முழங்கால்: மணல் மெத்தென்று தாங்கும். ஆனால் கரை கடல் பக்கம் சரிவு, ஒரே திசையில் நெடுந்தூரம் போனால் இடுப்பு ஒரு பக்கம் பிடிக்கும்; பாதியில் திரும்புங்கள். மலையிலோ ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அடி. சின்ன அடியாக வைத்து இறங்குங்கள். மான்கள் குறுக்கே வந்தால் எப்படியும் நிற்கத்தான் வேண்டும்!

வசதி: மாரியில் கடல் கொந்தளித்தால் மணல் நடை சரிவராது. கோயிலுக்கு ஏறும் வீதி இருக்கும்.

எடை இன்னும் அதிகம், முழங்கால் நோகிறது என்றால் இறுகிய ஈரமணல். நீரிழிவு இருந்தால் வெறுங்கால் வேண்டாம். பாதி எடை இறங்கி, தொடைத் தோல் தொய்யத் தொடங்கியவர்களுக்கு ஏற்றம். தொய்வு முழுதாகப் போகாது. தசை கொஞ்சம் நிரப்பும், அதுவும் மீனும் பருப்பும் தட்டில் குறையாமல் இருந்தால்.