சத்தத்தில் கிளம்பி அமைதியில் இறங்கும் நிலாப் புத்தகம்

பிரையன் ஃப்ளோக்கா எழுதி, படமும் அவரே வரைந்த 'மூன்ஷாட்' புத்தகத்தை என் மகளுக்காக வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் "படம் அழகு, தாள் தரம்" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். இதுவரை அறுபது தடவையாவது வாசித்துக் காட்டியிருப்பேன், இன்னும் எனக்கே அலுக்கவில்லை, அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவுக்குப் போய்த் திரும்பியதுதான் கதை. 48 பக்கம், பெரிய அளவு, வரிகளை உடைத்து உடைத்துக் கவிதை மாதிரி எழுதியிருக்கிறார். 2009-இல் வந்த பதிப்புதான் என்னிடம் இருப்பது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அது ஒரு தடைதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ராக்கெட் கிளம்பும் இடம். மூன்று பேர் கனமான உடையும் கையுறையும் மாட்டிக்கொள்வது, கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொருவராகச் சரி சரி என்று சொல்வது, தூரத்தில் கூட்டம் காத்திருப்பது என்று பக்கங்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன. அப்புறம் ஒரு பக்கத்தைப் புரட்டினால் நெருப்பும் புகையும் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும், எழுத்தும் பெரிதாகிக் கத்தும். நானும் கத்துவேன், மகளும் கத்துவாள், சமையலறையிலிருந்து "மணி ஒன்பதரை ஆச்சு" என்று ஒரு குரல் வரும். சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உயரம் 110 மீட்டர் என்றால் ஆறு வயதுக்கு ஒன்றும் புரியாது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பார்த்தாயே, அதைப் போல ஒன்றரை மடங்கு, அதன் உச்சியில் மூன்று பேர் மல்லாந்து படுத்திருக்கிறார்கள் என்றதும் வாயைப் பிளந்துவிட்டாள்.

இவ்வளவு சத்தத்துக்குப் பிறகு விண்வெளி. படத்தில் கறுப்பு கூடுகிறது, பேச்சு குறைகிறது. அந்த மாற்றத்தை வாசிக்கிறவர் குரலிலேயே உணர்கிறோம், யாரும் சொல்லாமலே நாம் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். இப்படி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

என் மகளுக்குப் பிடித்தது வேறு ஒன்று, கக்கூஸ் பக்கம். எடையில்லாத இடத்தில் மிதந்துகொண்டே சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் சொல்லிவிட்டு, அந்தக் குட்டி அறையில் கழிவறைக்கு என்ன வழி, ஜன்னலைத் திறக்க முடியாத இடத்தில் ஒரு வாரம் மூன்று பேர் இருந்தால் நாற்றம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர் சிரிக்காமல் சொல்கிறார். குழந்தைகளுக்கு நிலவைப் பற்றிச் சொல்கிறவர்கள் வழக்கமாகக் கொடியையும் காலடித் தடத்தையும்தான் காட்டுவார்கள். இவர் நாற்றத்தையும் சொன்னதால்தான் அவளுக்கு அந்த மூன்று பேரும் நிஜ மனிதர்கள் ஆனார்கள் என்று நினைக்கிறேன்.

இறங்குகலம் ஈகிளைப் பார்த்ததும் "அப்பா, சிலந்தி!" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அதே வருஷம் மார்ச்சில் பறந்த அப்போலோ 9-இன் இறங்குகலத்துக்கு அந்தக் குழுவினர் வைத்த பெயரே ஸ்பைடர்தான். உள்ளே இருக்கை கூடக் கிடையாது, எடை குறைக்க எடுத்துவிட்டார்கள், நின்றுகொண்டேதான் இறங்கினார்கள். அந்த இறங்கும் கட்டம் ஒரு திகில் கதை மாதிரி போகிறது. எச்சரிக்கை மணி அடிக்கிறது, எரிபொருள் குறைகிறது, கீழே பார்த்தால் பாறை. ஆர்ம்ஸ்ட்ராங் தானே கட்டுப்பாட்டை எடுத்து, பள்ளத்தையும் பாறைகளையும் தாண்டிக் கொண்டுபோய் இறக்குகிறார். அந்த மணி ஏன் அடித்தது என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள், தயாராக இருங்கள். 1202 என்ற எச்சரிக்கை அது, செய்து முடிக்க முடியாத அளவு வேலை சேர்ந்துவிட்டது என்று கணினி சொன்னது, அவ்வளவுதான். "ஹோம்வொர்க் ஜாஸ்தி ஆயிடுச்சா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

இன்னொரு கேள்வி இன்னும் தீரவில்லை: "அந்த ஒரு மாமா மட்டும் ஏன் இறங்கல?" மூன்றாமவர் மைக்கேல் காலின்ஸ் கொலம்பியா என்ற தாய்க்கலத்தில் நிலவைத் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்ததைப் புத்தகம் மறக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போகும்போது ஏறக்குறைய முக்கால் மணி நேரம் யாருடனும் பேச முடியாது என்று நான் சேர்த்துச் சொன்னதிலிருந்து, அவருக்கு யாராவது துணைக்குப் போயிருக்கலாம் என்று தினமும் வருத்தப்படுகிறாள்.

பூமியில் ஒரு குடும்பம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் படம் உண்டு. அது எனக்குப் பிடித்த பக்கம். இந்தியாவில் அப்போது டெல்லியில் மட்டும்தான் தொலைக்காட்சி, சென்னைக்கு 1975-இல்தான் வந்தது. என் அப்பாவுக்கு அந்த நாள் ரேடியோதான். ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது அமெரிக்காவில் ஞாயிறு இரவு, நமக்குத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சற்று முன்பு, பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். அந்தப் படத்தைக் காட்டி அப்பா பேத்தியிடம் இதைச் சொன்ன அன்றைக்குப் பக்கம் புரளவே இல்லை.

குறைகளுக்கு வருவோம். கடைசித் தாளில் ஆசிரியர் எழுதிய குறிப்பு அருமையானது, ஆனால் பொடி எழுத்தில் நெருக்கமாக இருப்பதால் அது பெற்றோருக்குத்தான். முன் அட்டைக்கு உள்பக்கம் பயணத்தின் படிநிலைகளை வரைந்திருப்பது மிக நல்ல விஷயம், அதைக் கதைக்கு முன்னால் காட்டாதீர்கள், படித்து முடித்த பிறகு காட்டினால் பிள்ளைகளே விரல் வைத்துக் கதை சொல்வார்கள். முகங்கள் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தன. விண்வெளி உடையைத் தைத்த தையல்காரப் பெண்களுக்கு என் பிரதியில் ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம், உள்ளாடை தைத்துப் பழகிய கைகள் அந்த உடையின் இத்தனை அடுக்குகளைத் தைத்தது ராக்கெட்டுக்குக் குறைந்த கதையில்லை.

ஆங்கிலம் என்றேனே. வரிகள் சின்னவை, அதனால் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிவிடலாம், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை சொன்னால் தாளம் போய்விடும். நான் நான்கைந்து தடவை சொதப்பிய பிறகு படத்தைப் பார்த்துச் சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன், அதுதான் சரியாக வந்தது. தமிழில் இப்படி ஒரு புத்தகம் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். சந்திரயான் 3 இறங்கியதைப் பள்ளியில் பார்த்துக் கைதட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள், வாசகருக்குப் பஞ்சமில்லை.

விலை, நான் வாங்கியபோது ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு மூலை நசுங்கித்தான் வந்து சேர்ந்தது, மாற்றித் தரக் கேட்டு இரண்டு வாரம் அலைந்து விட்டுவிட்டேன், முடிந்தால் நேரில் பார்த்து வாங்குங்கள். 50-ஆவது ஆண்டுக்காக 2019-இல் பக்கங்கள் கூட்டி ஒரு பதிப்பு வந்திருக்கிறது, எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நான்கு வயதிலிருந்து படம் பார்க்கலாம், பத்து வயது வரை தாங்கும். நசுங்கிய மூலையைப் பற்றி மகளுக்குக் கவலையில்லை. ராக்கெட் இறங்கும்போது இடித்துக்கொண்டதாம்.