கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு மேலே செப்பலின் பயணம்: கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

ஜெர்மனியின் தென்கோடியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் இருக்கும் ஃபிரீடரிக்ஸ்ஹாஃபென் நகரில் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் செப்பலின் என்ற, ஹீலியம் வாயு நிரப்பிய வான்கப்பலில் பறக்கலாம். இத்தகைய வாய்ப்பு உலகில் மிக அரிது. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனமும் இதே வகைக் கப்பல்களை வைத்திருக்கிறது. ஆனால் அவற்றில் அழைக்கப்பட்ட விருந்தினர்கள்தாம் ஏற முடியும், பொதுமக்களுக்குச் சீட்டு விற்பதில்லை. ஃபிரீடரிக்ஸ்ஹாஃபெனில் 2001ஆம் ஆண்டு முதல் செப்பலின் என்டி கப்பல்கள் பயணிகளை ஏற்றி வருகின்றன. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரும் வாகனம் என்று எண்ணி இதில் ஏறுபவர் ஏமாந்து போவார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து இறக்கிவிடும் ஒரு பார்வை மாடம் என்று எண்ணி ஏறுபவர் மனநிறைவோடு இறங்குவார்.

பயணத்தின் மிகச் சுவையான கட்டம் தரையிலேயே தொடங்கிவிடுகிறது. தரையிறங்கிய கப்பல் காற்று வரும் திசைக்கு மூக்கைக் காட்டியபடி, சுழலும் விசிறிகளின் விசையால் தன்னை நிலைநிறுத்திக்கொண்டு நிற்கும். சிறிய படிக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து பொருத்துவார்கள். முந்தைய பயணிகள் இருவர் இறங்குவார்கள். உடனே புதியவர்கள் இருவர் ஏறுவார்கள். பிறகு மீண்டும் இருவர் இறங்க, இருவர் ஏறுவார்கள். பார்ப்பதற்கு ஏதோ சடங்குபோலத் தோன்றும் இந்த ஒழுங்குக்குக் காரணம் வெறும் எடைக் கணக்குதான். ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும். இந்தக் கப்பலின் உறைக்குள் 8,000 கன மீட்டருக்கும் சற்று அதிகமாக ஹீலியம் இருப்பதால், அதன் மொத்தத் தூக்குவிசை சுமார் 8 டன்னோடு நின்றுவிடுகிறது. கப்பலின் எடை அந்த அளவைவிடச் சில நூறு கிலோ மட்டுமே கூடுதலாக இருக்கும்படி வைத்துக்கொண்டு, அந்த மிச்சத்தை விசிறிகளைச் சாய்த்துத் தூக்குகிறார்கள். பயணிகள் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கிவிட்டால் ஏறக்குறைய ஒரு டன் எடை குறைந்து, கப்பல் தானாகவே மேலே எழப் பார்க்கும்.

மேலே எழும்போது மூக்கு நன்றாகவே நிமிர்கிறது. இறங்கும்போது அதே அளவுக்குக் குனிகிறது. அந்த இரண்டு கட்டங்களில் மட்டும் இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டால் போதும். சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் எழுந்து நடமாடலாம். அந்த உயரத்திலிருந்து படகுகளில் நிற்பவர்களையும், திராட்சைத் தோட்டங்களின் வரிசைகளையும், ஏரியிலுள்ள மைனாவ் தீவின் பூம்பாத்திகளையும் தெளிவாகப் பார்க்க முடிகிறது. வானம் தெளிந்திருந்தால் தெற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர் கண்ணுக்குத் தெரியும். ஜன்னல்களில் சிலவற்றைத் திறக்கவும் முடியும் என்பதால், கண்ணாடியின் எதிரொளிப்பு இல்லாமல் படம் எடுக்க விரும்புபவர்கள் அவற்றின் அருகே இடம்பிடிக்க வேண்டும். விமானியின் அறைக்குக் கதவு கிடையாது; அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று கருவிகளைப் பார்க்கலாம். எஞ்சின்கள் பயணிகள் அறையோடு ஒட்டாமல் உடற்பகுதியின் பக்கவாட்டிலும் வாலிலும் பொருத்தப்பட்டிருப்பதால், காதுக்குக் கருவி மாட்டாமலே பேசிக்கொள்ள முடிகிறது. காற்று வீசினால் கப்பல் படகைப்போல மெல்ல ஆடும்; அத்தகைய ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் வயிற்றோடும் போகவேண்டாம், நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகவேண்டாம்.

அரை மணி நேரம் தொடங்கி இரண்டு மணி நேரம் வரை பல பயணங்கள் இருக்கின்றன. அரை மணிப் பயணத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். புதுமையின் பரபரப்பு அடங்கி, நிதானமாகப் பார்க்கத் தொடங்கும் நேரத்தில் மூக்கு குனிந்துவிடும். ஏரியின் மறுகரைவரை போய்வரும் ஒரு மணிப் பயணமே கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்வது. கட்டணம் தலைக்குச் சில நூறு யூரோ என்பது கசப்பான செய்திதான். ஆனால் 75 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல், அதற்கான கொட்டகை, தரைக்குழு, விலை உயர்ந்த ஹீலியம் ஆகிய அனைத்தின் செலவையும் பன்னிரண்டு பேரளவே பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை நினைத்தால், அதில் கொள்ளை லாபம் இருப்பதாகத் தோன்றவில்லை. இது எளிதான தொழிலும் அன்று: கலிபோர்னியாவில் இதே வகைக் கப்பலைக் கொண்டு 2008இல் தொடங்கப்பட்ட பயணச் சேவை 2012இல் மூடப்பட்டது. குளிர்காலத்தில் பயணங்கள் இல்லை; பருவத்திலும் பலத்த காற்றோ இடிமழையோ வந்தால் கப்பல் புறப்படாது. ஆகவே ஒரே ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனமன்று.

மாற்று நாளுக்கு வேலையும் அந்த ஊரிலேயே இருக்கிறது. துறைமுகத்தின் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் 1996 முதல் இயங்கும் செப்பலின் அருங்காட்சியகத்தில், 1930களில் அட்லாண்டிக்கைக் கடந்த ஹிண்டன்பர்க் என்ற பெரும் வான்கப்பலின் ஒரு பகுதியை 33 மீட்டர் நீளத்துக்கு உண்மை அளவிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். சாய்ந்த ஜன்னல்கள் கொண்ட நடைமாடத்தில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த அடியில் படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள், சுவரோடு மடக்கி வைக்கும் முகம் கழுவும் தொட்டி, ஜன்னல் கிடையாது. அட்லாண்டிக் கடலை இரண்டரை நாளில் கடப்பதற்காக 1936இல் ஒருவழிக்கு 400 டாலர் கொடுத்த செல்வந்தர்கள் உறங்கிய அறை அது. பணம் எவ்வளவு கொடுத்தாலும் எடைக் கணக்கிலிருந்து தப்ப முடியவில்லை.

அந்த ஊருக்கு இந்த வரலாறு வெறும் விளம்பரப் பொருளன்று. இவ்வகைக் கப்பல்களை உருவாக்கிய ஜெர்மானியப் பிரபு கவுண்ட் செப்பலினின் முதல் கப்பல் 1900 ஜூலை 2 அன்று இதே ஏரியின் மேல்தான் எழுந்தது. 1908இல் அவருடைய நான்காவது கப்பல் எக்டர்டிங்கன் என்ற இடத்தில் எரிந்துபோனபோது, ஜெர்மானிய மக்கள் தாங்களாகவே அறுபது லட்சம் மார்க்குக்கு மேல் நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே டெலாக் என்ற பெயரில் உலகின் முதல் பயணிகள் வான்சேவை நிறுவனம் பிறந்தது. 1929இல் கிராஃப் செப்பலின் என்ற கப்பல் உலகைச் சுற்றி வந்தது. பிரிட்டனும் இந்தப் போட்டியில் இறங்கி, கராச்சியில் ஒரு பெரும் கொட்டகையே கட்டி வைத்துக் காத்திருந்தது. அங்கே வரவேண்டிய ஆர்101 கப்பல் 1930 அக்டோபரில் பிரான்சிலேயே விழுந்து எரிந்து 48 பேரைப் பலிகொண்டது. 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் எரிந்தபோது இறந்தவர்கள், தரையில் நின்ற ஒருவரையும் சேர்த்து, 36 பேர். கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் பிழைத்தார்கள் என்பதைப் பலர் அறிவதில்லை. அந்தக் கப்பலில் ஹைட்ரஜனை நிரப்பியதற்குக் காரணம், ஹீலியம் அநேகமாக முழுவதும் அமெரிக்காவின் கையில் இருந்ததும், அதன் ஏற்றுமதியை அந்நாட்டுச் சட்டம் தடுத்ததும்தான்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. ஹீலியம் எரியாது. சாதாரண பிளிம்ப் கப்பலில் உள்ளழுத்தம் மட்டுமே உருவத்தைத் தாங்கும். செப்பலின் என்டியின் உறைக்குள்ளோ கார்பன் இழையாலும் அலுமினியத்தாலும் ஆன முக்கோணச் சட்டகம் இருக்கிறது. எஞ்சின்களும் பயணிகள் அறையும் அதிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், அழுத்தம் குறைந்தாலும் கப்பலைக் கட்டுப்படுத்த முடியும்.

இருநாள் தங்க முடிந்தவர்கள் முதல் நாளில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலைப் பயணத்துக்குச் சீட்டு வாங்குவது நல்லது. கோடைப் பிற்பகல்களில் இடிமேகங்கள் திரளும் வாய்ப்பு அதிகம். சீட்டின் விலை கட்டுப்படியாகாதவர்கள் கொட்டகையைச் சுற்றிக்காட்டும் பயணத்தில் சேரலாம். கட்டணம் மிகக் குறைவு.