அங்கணத்து லைன்

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் பாளையங்கோட்டை வீட்டைத் திறந்தேன். அம்மா எங்களோடு லண்டனுக்கு வந்த பிறகு 14 மாதம் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் தள்ளியதுமே சாக்கடை வாடை. குளியலறை, பின்கட்டு, எங்கே போனாலும் அதே நாற்றம். சமையலறை சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் இறங்கவே இல்லை.

தெரிந்தவர் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டு "டிரெயினேஜ் அடைச்சிருக்கு" என்றேன். ஒரு மணி நேரத்தில் செப்டிக் டேங்க் லாரி வந்து நின்றது. டிரெயினேஜ் என்றால் அவருக்கு டேங்க். மூடியைத் திறந்து பார்த்து, "பாதிகூட நிறையல சார்" என்று சொல்லிவிட்டு, வந்துபோன செலவை மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் ஒரு இளைஞர் வந்தார். அவரிடம் "கிச்சன் லைன்" என்றேன். சிங்க்குக்குக் கீழே வாடையைத் தடுக்க மாட்டியிருந்த, குப்பி போன்ற பாட்டில் ட்ராப்பைக் கழற்றிக் கழுவி மாட்டினார். தண்ணீர் இறங்கவில்லை. தரையை உடைத்து எல்லாவற்றையும் மாற்ற 40,000 ரூபாய் கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பைப் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு அண்ணாச்சியை அனுப்பிவைத்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பையைத் திறக்காமலே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி, மொதல்ல எல்லா நாணியிலயும் ரெண்டு ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க. அதுக்கப்புறம் பாப்போம்."

குளியலறைத் தரையில் சல்லடை மூடி போட்டிருக்கும் ட்ராப்புக்குத்தான் நம் ஊர் பிளம்பர்கள் வாயில் 'நாணி' என்று பெயர். மராத்தியில் குளிக்கிற இடத்தைச் சொல்லும் சொல், பம்பாய்ப் பக்கத்திலிருந்து சாமானோடு சேர்ந்து வந்திருக்கிறது. அதற்குள் எப்போதும் இரண்டு இஞ்ச் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். பைப்பிலிருந்து வாடையும் கரப்பானும் மேலே ஏறாமல் அடைத்து நிற்பது அந்தத் தண்ணீர்தான். வீட்டைப் பூட்டிப் போட்டால் அது வற்றிவிடும். அவர் சொன்னபடி ஊற்றினேன். அரை மணி நேரத்தில் குளியலறை வாடை அடங்கிவிட்டது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறவர்கள் இதை ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்க் அடைப்பு மட்டும் பாக்கி. "இந்தத் தண்ணி டேங்க்ல விழுதா, வாறுகால்ல விழுதா?" என்று கேட்டார். வாறுகால் என்றால் தெருச் சாக்கடை. எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு வீடியோ காலில் போட்டுக் கொடுத்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. "அது அங்கணத்துத் தண்ணில்லா. வேப்பமரத்துப் பக்கமாப் போயி வாறுகால்ல விழும்."

அண்ணாச்சி முகம் தெளிந்துவிட்டது. "அங்கணம்னா சரி. அப்பம் அடியில கெடக்கது ஸ்டோன்வேர் பைப்பு." சுட்ட களிமண்ணில் செய்த பழைய காலத்துப் பைப் அது.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அங்கணம் என்று பெயர். 1998இல் அப்பா அதை மூடி டைல்ஸ் போட்டு, சிங்க் வைத்தார். மேலே எல்லாம் மாறியது, கீழே பைப் மாறவில்லை. நான் சொன்ன 'கிச்சன் லைன்' யாருக்கும் வழி காட்டவில்லை. அம்மா சொன்ன ஒரு சொல்லில் பைப்பின் வயசு, அது எதனால் ஆனது, போகிற பாதை மூன்றும் அவருக்குக் கிடைத்துவிட்டன. இந்த மாதிரிச் சொற்கள் ஊருக்கு ஊர் வேறு. எங்களுக்கு வாறுகால், கோவையில் இருக்கும் அக்காவுக்குச் சாக்கடை, யாழ்ப்பாணத்துக்காரியான என் மனைவிக்குக் கான். பழைய இலக்கியத்தில் மண்ணுக்கடியில் போகும் நீர்வழிக்குச் சுருங்கை என்று ஒரு சொல் இருக்கிறது. இன்று அது யார் வாயிலும் இல்லை, அதில் எனக்கு வருத்தம்தான்.

கடப்பாரையின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனவர், வேம்புக்கு நாலடி முன்னால் நின்றார். சத்தம் பொள்ளலாகக் கேட்டது. தோண்டினால் சேம்பர், பைப்பைத் திறந்து பார்க்கக் கட்டிய சின்னத் தொட்டி. மூடிக்கல்லுக்கு மேலேயே அரையடி மண். மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டு, திருகித் திருகி இழுத்தார். ஒரு முழ நீளத்துக்கு வேப்பவேர் வந்தது. பின்னிய சடை போல, நுனிவரை சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருந்தது. ஸ்டோன்வேர் பைப் ஒவ்வொன்றும் இரண்டடிதான் இருக்கும். சணலைச் சுற்றிச் சிமெண்டால் இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பு கீறினால் ஈரத்தைத் தேடி வேர் நுழைந்துவிடும். உடைந்த துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. கீழடியில் ஒன்றோடொன்று பொருந்திக் கிடந்த சுடுமண் குழாய்களின் படம் ஞாபகத்துக்கு வந்தது.

மரத்தை வெட்ட வேண்டாம் என்றார். பன்னிரண்டடி மட்டும் மாற்றினோம். கடையில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் போடுகிற எஸ்.டபிள்யூ.ஆர் பிவிசி பைப் கேட்டபோது 'ஏ' டைப்பை எடுத்துப் போட்டார்கள். அண்ணாச்சி திருப்பிக் கொடுத்துவிட்டார். 'ஏ' மழைத்தண்ணீருக்கு. கழிவுக்குக் கனம் கூடின 'பி' டைப்தான் போட வேண்டும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பத்தடிக்கு மூணு இஞ்ச் வாட்டம் வைத்து, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலில் இரண்டு தடவை சரிபார்த்து, அடியில் மணல் பரப்பிப் போட்டார். திருப்பத்தில் ஒரு டோர் பெண்ட், நாளைக்கு அடைத்தால் திறந்து குத்துவதற்கு.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். கூட இருநூறு கொடுத்தேன், வாங்கவில்லை. டேங்க்கையும் ஒருதடவை ஆளை இறக்கிச் சுத்தம் செய்துவிடலாமா என்று தெருவில் ஒருவர் கேட்டபோது அண்ணாச்சி குரல் உயர்ந்தது. "யாரையும் உள்ள எறக்காதீய. லாரி போதும்." மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டமும், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. அவர் சட்டத்துக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

மண் மூடுவதற்கு முன்னால் குழியைப் படம் எடுத்துக்கொண்டேன். சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று அளந்து தாளில் வரைந்தோம். கிளம்புகிற அன்று நாணிகளில் தண்ணீர் ஊற்றி, சீக்கிரம் வற்றாமல் இருக்க மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெயும் விட்டேன். தாள் இப்போது மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. தலைப்பு என்ன போட என்று கேட்டேன். அண்ணாச்சி பேனாவை வாங்கி அவரே எழுதினார்: 'அங்கணத்து லைன்.'